யுல்சுங்கில் முதல் தண்ணீர்

மே 14

யுல்சுங் வந்து சேர்ந்துவிட்டேன். மூச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

மே 15

தலைவலி. படுத்தே கிடந்தேன்.

மே 18

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நாமக்கல்லிலிருந்து ஜம்மு வரைக்கும் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போய் வந்தவன் நான். ரிட்டையர் ஆகிற வரைக்கும் நெஞ்சு வலி, கால் வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. இங்கே மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது.

லே பட்டணத்திலிருந்து ஜீப்பில் ஒரு பகல் முழுக்க வர வேண்டும். மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த மலை கொல்லிமலை. இங்கே மலையெல்லாம் செங்கல் சூளையைக் கொட்டிவைத்த நிறம். அதன் மடியில் வெள்ளையடித்த வீடுகள் ஒரு டஜன் இருந்தால் அதிகம். உச்சியில் பனி. இந்த ஊரில் சோலார் தகடு பொருத்த வந்த என் மகள் வாணி, தகடு பொருத்தி முடித்தும் ஊர் திரும்பவில்லை. முத்தூப் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். அவன் கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். மற்ற நாளில் விவசாயம். இன்ஜினியரிங் படிக்க வைத்தது டிரைவருக்குக் கட்டிக்கொடுக்கவா என்று அப்போது நான் குதித்த குதி கொஞ்சமல்ல. நானே டிரைவர்தான் என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

வாணிக்கு இப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன்.

“கண்ணு, துணிமணி எடுத்து வெச்சுக்கோ. இந்த வாரமே பொறப்படோணும். ரெண்டு நாள் போனா ப்ளேன்ல ஏத்த மாட்டேம்பாங்க” என்றேன்.

“நான் வரலீங்கப்பா. லே ஆசுபத்திரில பதிஞ்சாச்சு. நேரம் நெருங்கறப்ப போயி அங்க தங்கிக்குவேன்.”

“ஊர் வழக்கமுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?”

“அம்மா இல்லாத வூட்டுல யாருங்கப்பா என்னைப் பாத்துக்குவாங்க?”

நான் இல்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே போய் ஜீப்பின் ஆயிலைப் பார்த்தேன். குறைந்திருந்தது. ஊற்றினேன்.

மே 20

போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அவள் முடிவு செய்தாள், நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் பிரசவம் முடிகிற வரைக்கும் நான் நகரமாட்டேன் என்பது என் முடிவு.

ஒன்று மட்டும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெண் கொடுத்த வீட்டில் நான் விருந்தாளிதான். இந்த வீட்டுக்காரன் இல்லை. என் அரிசியும் பருப்பும் நானே கொண்டுவந்திருக்கிறேன். சம்பந்தியம்மா பட்மா இந்தியில் பாதியும் சைகையில் பாதியுமாகச் சிரித்தார். இந்த உயரத்தில் அரிசி சும்மா வேகாது, அதற்கு அவருடைய குக்கர் வேண்டும், அடுப்பும் வேண்டும். சரி, குக்கர் மட்டும் அவருடையது.

மே 23

வளைகாப்பு. நாமக்கல் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல் ஒரு பெட்டி. ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வாணிக்குப் போடச் சொன்னால் ஆளுக்கு இரண்டு கையில் மாட்டிக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். வாணி கைக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். சம்பந்தியம்மா கையில் பச்சை வளையல் நிறைய இருக்கிறது. கேட்டால் காது கேளாதவர்போல் நடிக்கிறார்.

மே 27

விதைப்பு. பார்லிதான் இங்கே சோறு. வறுத்து அரைத்து உப்பு டீயில் பிசைந்து உண்கிறார்கள். முத்தூப் ஏர் ஓட்டினான். மாட்டுக்கும் யாக்குக்கும் பிறந்த கறுப்புக் கலப்பு மாடுகள். ஓட்டுகிறவன் அவற்றைப் பாட்டுப் பாடிக் கெஞ்சுகிறான். நம்மூரில் மாட்டை ஏசி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கொஞ்சி ஓட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் வாயில் சரியாக வரவில்லை. முத்து என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

இந்த வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. மாடியில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியல், ஒரு சட்டி மண்ணை அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. கீழே சேருவது மொத்தமும் அடுத்த வருஷம் வயலுக்கு எரு. விருந்தாளி வந்தால் சம்பந்தியம்மாவுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று இப்போது புரிகிறது.

ஜூன் 9

முளை வந்துவிட்டது. விரல் உயரம்கூட இல்லை. வயல் பூராவும் ஒரு பச்சை நிழல் விழுந்ததுபோல் இருக்கிறது. வாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் வரவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன்.

இனிமேல் முதல் தண்ணீர் விட வேண்டும். அது தப்பினால் மேல்மண் இறுகி முளை கருகிவிடும். வருஷச் சாப்பாடு போய்விடும்.

ஜூன் 13

மேகம். வெயில் வேண்டுமென்று சாமி கும்பிடுகிற விவசாயிகளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மழை இவர்களுக்குக் கணக்கிலேயே இல்லை. வெயில் அடித்து மேலே பனி உருகினால்தான் வாய்க்காலில் தண்ணீர். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறது. நானும்தான்.

ஜூன் 15

இன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை சொல்ல வாணி விளக்கினாள்.

பிள்ளை பிறந்தால் நம்மூரிலும் பங்காளிகளுக்குத் தீட்டு. கோயிலுக்குப் போக மாட்டோம். இங்கே கோயிலைவிட வாய்க்கால் பெரிது. ஊற்றிலும் வாய்க்காலிலும் நாகர்கள் குடியிருக்கிறார்களாம், லூ என்கிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டார் ஒரு மாதம் வாய்க்காலைத் தாண்டக் கூடாது, வயலில் கால் வைக்கக் கூடாது, மடை திறக்கக் கூடாது. அதே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளி வீடுகளுக்கும் அப்படியே. பிள்ளையைத் தொட்டவர்களுக்கும், தீட்டு நாளில் அந்த வீட்டு அடுப்பில் சாப்பிட்டவர்களுக்கும்கூடத்தான்.

தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். வீட்டுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்த வீட்டுக்காக ஓர் ஆள் மடையில் நிற்க வேண்டும், தண்ணீரில் பங்குள்ள இன்னொரு வீட்டார் நிற்கக் கூடாது. நிற்காவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பங்கு பிரித்து விடுவதற்கு ஒரு நீர்பாய்ச்சி உண்டு, சுர்போன் என்று பெயர். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு யங்சன் என்ற அம்மாளுக்கு. கண்டிப்பான பெண்பிள்ளை. யார் வயல் மடையிலும் அவர் கை வைக்க மாட்டார், அது நடுநிலையாம்.

“நீ இதையெல்லாம் நம்பறயா கண்ணு? படிச்ச புள்ள.”

“நான் நம்பறனோ இல்லியோ, தண்ணி ஊருதுங்கப்பா. நாங்க மீறிப்போட்டு நாளைக்கு யாரோட வெள்ளாமை கெட்டாலும் எங்க வூட்டத்தான பாப்பாங்க?”

கவலைப்பட ஒன்றுமில்லையாம். தண்ணீர் இந்த வாரம், பிரசவம் அடுத்த மாதம். அப்படியும் ஏதாவது ஆனால் முத்துவின் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறார். அவர் வேறு ஊர், வேறு குலதெய்வம், பட்டாளத்திலிருந்து லீவில் வந்து மடை திறப்பார்.

ஜூன் 19

மேகம்.

ஜூன் 20

மேகம். வாணிக்குக் கால் வீங்கியிருக்கிறது. எல்லாருக்கும் வீங்கும் என்கிறாள். எனக்குத் தெரியாதா எல்லாருக்கும் வீங்கும் என்று.

ஜூன் 22

வெயில் வந்துவிட்டது! ஊரே கூரையில் ஏறி நின்று பனியைப் பார்க்கிறது.

அக்கா வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன். இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் நானே தண்ணீர் விட்டுவிடுவேன் என்றான் முத்து.

ஜூன் 23

காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்த வாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்க நான் ஜீப்பில் மெத்தையை விரித்துவிட்டேன். லே வரைக்கும் தாங்காது. கீழூரில் ஒரு சின்ன ஆசுபத்திரி இருக்கிறது, அங்கேதான்.

மாப்பிள்ளை வீட்டுச் சாவியை ஜீப்பில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான்.

“தள்ளி உக்காருங்க மாப்ள. நான் ஓட்டறேன்.”

“அப்பா, இந்த ரோடு உங்களுக்குத் தெரியாது” என்றான், வாணி கற்றுக்கொடுத்த தமிழில்.

“தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்து சொல்லு. முட்டை லோடு ஓட்டுனவன்டா நான். ஒண்ணு ஒடையாது.”

இதுவரை மாப்பிள்ளையை டா போட்டதில்லை. அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. பின்னால் வாணி கத்தினால் மெதுவாக, கத்தாவிட்டால் இன்னும் மெதுவாகப் போனேன். அவள் கத்தாத நேரத்தில்தான் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இப்போது ஆசுபத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் வேறு என்ன செய்வது? வாணிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் போனாள். எங்கள் தெருமுனையிலேயே பெரிய ஆசுபத்திரி, நடந்தே போனாள். டாக்டர் இருந்தார், ரத்தம் இருந்தது, எல்லாமே இருந்தது. அவளும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜூன் 24

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் நலம்.

ஜூன் 24, மறுபடியும்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அழவில்லை என்று சொல்ல ஆசைதான். அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. யங்சன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாளைக்கு உங்கள் வீட்டு முறை, ஆள் உண்டா என்று கேட்டார். முத்து குழந்தை பிறந்துவிட்டது என்று சொன்னான். அந்தப் பக்கம் வாழ்த்துச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீட்டில்லாத என்னை மடைக்கு அனுப்பலாம் என்ற யோசனை அவனுக்கு வந்திருக்கும், வந்தும் கேட்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்தார். “தாத்தாதானே? வாங்கிக்குங்க” என்றார் இந்தியில்.

என் கை இரண்டும் தானாக நீண்டுவிட்டது. எவ்வளவு தூரம் வந்தேன் இதற்கு! குழந்தையின் மூக்கு அப்படியே வாணியின் மூக்கு. வாணியின் மூக்கு யாருடையது என்று எனக்குத்தான் தெரியும்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அப்பன்கிட்டக் குடும்மா. நான் அன்னியன்” என்றேன்.

முத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “அப்பா, வேண்டாம். ஒரு வருஷம் வெள்ளாமை போனா போகட்டும்.”

“போனா என்ன திம்பீங்க? ஏந்திரி. கொழந்தய வாங்கு. தலையப் புடிச்சு வாங்கு.”

வாசலிலிருந்தே வாணியைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தாள், ஆனால் சிரித்தாள். “கிட்ட வாங்கப்பா” என்றாள். முத்து அவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் கோணிப்போனது.

“நெசமாவே தொடலீங்களா?”

“ஒரு மாசந்தான கண்ணு. ஓடிரும்.”

ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறினேன். அவர்களைக் கொண்டுவிட இன்னொரு வண்டி பேசியாகிவிட்டது.

ஜூன் 25

தலை மடையில் ஊர் கூடியிருந்தது. யங்சன் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தினார். இந்தியில்தான் கேட்டார்.

“குழந்தையைத் தொட்டீங்களா?”

“இல்ல.”

“பிறந்த பிறகு அந்த வீட்டு அடுப்புல சாப்பிட்டீங்களா?”

“வீட்டுக்கே போகல. ராத்திரி ஜீப்புலதான் படுத்தேன்.”

“இந்த வீட்டுக்கு நீங்க யாரு?”

வந்த நாளிலிருந்து ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்த பதில்தான். விருந்தாளி, வெளி ஆள், சம்பந்தமில்லாதவன். நேற்று வரைக்கும் எத்தனை சுலபமாக வாயில் வந்தது. இன்று அப்படி வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாருமில்ல” என்றேன்.

நான் சொல்வது பொய் என்று அங்கிருந்த ஆடுமாட்டுக்கும் தெரியும். யங்சன் ஓரமாகக் கிடந்த மண்வெட்டியைக் காட்டினார். “சரி. யாருமில்லாதவர் மண்வெட்டியை எடுக்கலாம்” என்றார்.

மதியத்துக்கு மேல்தான் தண்ணீர் பலமாக வந்தது. சாம்பல் நிறம், கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குத்துகிற குளிர். சின்ன வயதில் அப்பாவோடு கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன், அந்தக் கை மறக்கவில்லை. ஆனால் இது சரிவு நிலம், பாத்தி பாத்தியாக இறங்குகிறது. எங்கே அடைப்பது, எங்கே வெட்டுவது என்று தெரியாமல் முழித்தேன். வீட்டை விட்டு இறங்க முடியாத சம்பந்தியம்மா கூரைமேல் ஏறி நின்று சால்வையை ஆட்டினார். இடது பக்கம் ஆட்டினால் இடது மடை, வலது பக்கம் ஆட்டினால் வலது. தப்பாகத் திறந்தபோது சால்வையை வீசி எறிந்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டு என்ன பாஷையில் இருந்தாலும் புரிகிறது.

பொழுது சாய்கிறபோது கடைசிப் பாத்தியும் நனைந்துவிட்டது. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 27

படுக்கை ஜீப்பில். அதில் எனக்குக் குறை இல்லை. வாழ்நாளில் பாதி வண்டியில் தூங்கியவன். சாப்பாடு யங்சன் வீட்டிலிருந்து வருகிறது. என் அரிசி உள்ளே மாட்டிக்கொண்டது. மூன்று வேளையும் பார்லி. நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சம்பந்தியம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

வாணியும் குழந்தையும் நேற்றே வந்துவிட்டார்கள். சமையலறைக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. காலையும் மாலையும் வாணி குழந்தையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டுகிறாள்.

ஜூலை 2

குழந்தை தும்மியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 6

இரண்டாவது தண்ணீரும் விட்டாயிற்று. இந்தத் தடவை சால்வை தேவைப்படவில்லை. சம்பந்தியம்மாவுக்கு வருத்தம்போலத் தெரிந்தது.

ஊர்ப் பெண்களுக்கு என்னைச் சீண்டுவதே பொழுதுபோக்கு. ‘மேமே’ என்றால் இவர்கள் பாஷையில் தாத்தா, ‘லே’ என்று சேர்ப்பது மரியாதைக்கு. வயலில் நான் குனிந்திருக்கும்போது எவளாவது ஒருத்தி “மேமே-லே!” என்று குரல் கொடுப்பாள். திரும்பக் கூடாது, நான் யாருக்கும் தாத்தா இல்லையே. திரும்பிவிடுகிறேன். வளையல் குலுங்கச் சிரிக்கிறார்கள். நாமக்கல் வளையல்.

ஜூலை 12

இன்று ஒரு தப்பு செய்யப் பார்த்தேன்.

மத்தியானம் குழந்தை அழுதது. கதவு திறந்திருந்ததால் சத்தம் கேட்டது. வாணி அசந்து தூங்கியிருக்க வேண்டும். முத்துவும் சம்பந்தியம்மாவும் கூரையில் வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிலைப்படி வரைக்கும் போய்விட்டேன். ஒரு கால் உள்ளே வைத்தால் தொட்டில். யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு மறுநாள் மூன்றாவது தண்ணீர். தொட்டுவிட்டு மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

கதிர் பிடிக்கிற பயிர். ஊர்க்காரர்கள் என் வார்த்தையை நம்பித் தண்ணீரை விட்டிருக்கிறார்கள்.

வெளியிலேயே உட்கார்ந்து பேசினேன். “என்ன சாமி, என்னத்துக்கு அழுவறீங்க? தாத்தன் இங்கதான் இருக்கறன். உள்ள வர முடியல, அவ்வளவுதான். உங்க வயல்ல நிக்கற பயிரப் பாக்கோணும் நீங்க, முழங்கால் உசரம் வந்துருச்சு” என்று என்னென்னமோ சொன்னேன். அழுகை நின்றது. தலையைத் திருப்பிச் சத்தம் வந்த பக்கம் பார்த்திருக்க வேண்டும். எனக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே வாணி விழித்துத்தான் இருந்திருக்கிறாள். “இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கப்பா” என்று குரல் வந்தது. பேசினேன்.

ஜூலை 14

மூன்றாவது தண்ணீர் முடிந்தது. யங்சன் தன் வீட்டு மோரை ஒரு சொம்பில் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 19

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. வாயு என்கிறாள் வாணி. அவளுக்கு என்ன தெரியும்?

ஜூலை 24

நாளைக்குத் தீட்டுக் கழிக்க லாமா வருகிறார். சட்டை துவைத்துக் காயப்போட்டேன். நகம் வெட்டினேன். கையை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மண்வெட்டி பிடித்துக் கை சொரசொரவென்று ஆகிவிட்டது. யங்சன் வீட்டில் கொஞ்சம் வெண்ணெய் கேட்டு வாங்கித் தடவியிருக்கிறேன்.

ஜூலை 25

இன்று எழுத நேரமில்லை. காலையிலிருந்து இரண்டு கையும் வேலையாக இருக்கிறது. இதை எழுதுவதற்காகத்தான் சம்பந்தியம்மாவிடம் ஒரு நிமிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் திருப்பித் தருகிற வழியாகத் தெரியவில்லை. போய் வாங்க வேண்டும்.